க்ளீனர் சைடு கதவு

ஹெரால்டு காருக்குப் பின்கதவு கிடைக்குமா என்று ஓர் இங்கிலாந்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். “ஹெரால்டுக்கு ஏதய்யா பின்கதவு?” என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் அந்த ஊரில் பிறந்த கார் அது. 1971இல் உற்பத்தியை நிறுத்தும்வரை சாதா கார், கூபே, கூரையை மடக்குகிற கன்வெர்ட்டிபிள், எஸ்டேட் என்று பல அவதாரங்கள் எடுத்தது. பின்சீட்டுக்காரனும் மனிதன்தான், அவனுக்கும் ஒரு கதவு வைப்போம் என்று மட்டும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது நமக்கு. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் இந்தக் காரை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்தார்கள். ஆரம்பத்தில் இங்கேயும் இரண்டே கதவுதான். அதாவது, முன்சீட்டில் இருக்கும் மாப்பிள்ளை இறங்கி, சீட்டை மடக்கி, ஓரமாகக் குனிந்து நின்றால்தான் பின்சீட்டிலிருந்து மாமியார் இறங்க முடியும். முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டப வாசலில் இது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1960களின் பிற்பகுதியில் நான்கு கதவு ஹெரால்டு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் வரைபடத்தில் இல்லாத அந்த இரண்டு பின்கதவுகளும் முழுக்க முழுக்க நம் சொந்தச் சரக்கு.

எனக்கு வேண்டியது அதில் ஒன்று. வலது பக்கத்துப் பின்கதவு.

கார் என் மாமாவுடையது. எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பர். கதவு லேசாக நெளிந்தது என்று கழற்றி ஒரு டிங்கரிங் கடையில் கொடுத்திருந்தார். கடை வேறு இடத்துக்கு மாறியது, கதவும் கூடவே போயிற்று. அதன்பிறகு வேப்ப மரத்தடியில் பல வருஷம் மூன்று கதவோடு நின்ற வண்டியை, “நீயாவது ஓட்டுடா” என்று என்னிடம் கொடுத்தார். வண்டி கிளம்பும்போது மாமி பூசணிக்காய் சுற்றி உடைத்தார். வண்டிக்குத் திருஷ்டி படக்கூடாது என்றா, வீட்டைப் பிடித்திருந்தது விலகியது என்றா என்று கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் மனைவி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள். “ஏங்க, இதுக்கு எத்தனை கிலோ பேரீச்சம்பழம் தருவாங்க?” என்றாள்.

நியாயமாகப் பேசினால், ஹெரால்டு அவ்வளவு மோசமான கார் அல்ல. உடம்பை வடிவமைத்தவர் ஜியோவானி மிக்கெலாட்டி என்கிற இத்தாலிக்காரர். பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாமே சேர்ந்து முன்பக்கமாகக் கவிழ்ந்து எழும்பும். மெக்கானிக் முன் டயர் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்துகொண்டு எஞ்சினோடு பேசலாம். 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும். தெருவில் வீட்டைத் தாண்டிப் போய்விட்டால் அடுத்த தெருவரை போக வேண்டியதில்லை. 948 சி.சி. எஞ்சின். வேகத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம், அது வயதானவர்களின் சம்பளத்தைக் கேட்பதுபோல.

இன்னொரு விசேஷம், இந்தக் காரின் உடம்பு ஒரே கூடாக வார்க்கப்பட்டது இல்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் கார்க்கூடு செய்து கொடுத்த பெரிய தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழுக்கூடு கிடைக்க வழியில்லை என்பதால், பகுதி பகுதியாக வெவ்வேறு இடங்களில் செய்து வாங்கி, சேஸிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். ஆகவே ஹெரால்டைக் கார் என்பதைவிடக் கூட்டணி என்பதே பொருத்தம். எந்த உறுப்பும் எப்போது வேண்டுமானாலும் கழன்றுகொள்ளலாம். பழைய சாமான் தேடுகிறவனுக்கு இது வரம். சின்னத் துண்டு கிடைத்தாலும் மாட்டிவிடலாம். ஆனால் துண்டு கிடைக்க வேண்டுமே.

சென்னையில் கார்த் துண்டு என்றால் புதுப்பேட்டை. எழும்பூருக்குப் பக்கத்தில், கூவத்தை ஒட்டிய தெருக்கள். கயிற்றில் கோத்த ஸ்டீயரிங்குகள், சுவரோடு சாய்த்த கதவுகள், நடைபாதையில் பம்பர் கோபுரம். கடைக்குக் கடை ஓர் உறுப்பு. கண்ணாடிக்கு ஒருவர், கியர் பாக்ஸுக்கு ஒருவர், வெறும் ஹெட்லைட்டுக்கென்றே பரம்பரையாக ஒருவர். இங்கே காரை நிறுத்திவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால், நம் கார்க் கதவையே நமக்கு விலைபேசி விற்பார்கள் என்று ஒரு கதை சென்னையில் நெடுங்காலமாக உலவுகிறது. நான் என் ஹெரால்டை, கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பிளைவுட் பலகையைக் கட்டி ஓட்டிக்கொண்டு போய், மதியம் முழுக்க அங்கே நிறுத்தியிருக்கிறேன். ஒரு நட்டைக்கூட யாரும் தொடவில்லை. எனக்கு அது கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

அந்தத் தெருக்கள் கீழடி மாதிரி. மேலடுக்கில் ஸ்விஃப்டும் இன்னோவாவும் கிடைக்கும். கொஞ்சம் தோண்டினால் சான்ட்ரோ, அதற்குக் கீழே மாருதி 800, இன்னும் கீழே பத்மினி. அம்பாசடர் மட்டும் எல்லா அடுக்கிலும் உண்டு. அரை நூற்றாண்டுக்கு மேல், 2014 வரைக்கும் அதைச் செய்துகொண்டே இருந்தார்களே. ஹெரால்டைத் தேடி அதற்கும் கீழே போனால் கன்னி மண்தான்.

ஆனால் புதுப்பேட்டையில் எந்தக் கடைக்காரரும் இல்லை என்று சொல்ல மாட்டார். அது தொழிலுக்கு ஆகாது.

“ஹெரால்டா? ஃபோர் டோரா? இருந்துச்சு சார். போன வாரம்தான் போச்சு.”

எதைக் கேட்டாலும் போன வாரம்தான் போயிருந்தது. டெயில் லேம்ப், டோர் ஹேண்டில், பீடிங், டிக்கி பூட்டு, எல்லாமே. யாரோ ஒரு புண்ணியவான் எனக்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் அதே தெருவில் அதே கடைகளில் ஏறி இறங்கி ஒரு முழு ஹெரால்டையே துண்டு துண்டாக வாங்கிக்கொண்டிருக்கிறார் என்று கொஞ்ச காலம் உண்மையாகவே நம்பினேன். அவரைக் கண்டுபிடித்து அடிக்கத் தயாராக இருந்தேன்.

விலை விஷயம் தனிக் கலை. பழைய சாமானுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. நாம் போட்டிருக்கும் சட்டை ஒரு விலையை நிர்ணயிக்கும், மூக்குக்கண்ணாடி அதில் கொஞ்சம் ஏற்றும். பொருளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தால் தீர்ந்தது. காயலான் கடையில் எடை போட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகாத இரும்பு, அந்த மலர்ச்சியால் மோதிரம் விலைக்கு வந்துவிடும். என் மெக்கானிக் மேஸ்திரி இதில் கரை கண்டவர். கூட்டிக்கொண்டு போகும்போதே, “சார், நீங்க வாயத் தொறக்காதீங்க. முடிஞ்சா எட்டப் போய் நில்லுங்க” என்பார். கதவு வேண்டுமென்றால் கார்புரேட்டர் கேட்பார். கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, வேண்டாம் என்று வைத்துவிட்டுக் கிளம்பும்போது, காலால் ஒரு கதவைத் தட்டி, “இது இன்னா, எடைக்குப் போடறதா?” என்பார். இந்த நாடகத்தை எதிர்ப்பக்கத்துக்காரரும் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர் என்பதால், இரண்டு பேருக்கும் அது ஒரு மரியாதை. டீ வரும். சமாசாரம் படியும். தூரத்தில் நிற்கும் எனக்கு டீ வராது.

ஒரே ஒரு பாய் மட்டும் உண்மையைச் சொன்னார். வயசானவர். கடை வாசலில் ஒரு பழைய அம்பாசடர் சீட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

“பின்கதவு தேடாதீங்க சார். அதுலயும் டிரைவர் சைடு தேடவே தேடாதீங்க.”

“ஏன் பாய்?”

“நம்ம ஊர்ல லாரி, பஸ்ஸு எல்லாம் எந்தப் பக்கம் உரசும்? டிரைவர் சைடுதான். அடி வாங்கறது அந்தப் பக்கம். க்ளீனர் சைடு பிளாட்பாரத்த ஒட்டி பத்திரமா போவும். நல்ல கதவுன்னு வந்தா க்ளீனர் சைடுதான் வரும்.”

இதற்குப் புள்ளிவிவரம் ஏதும் அவரிடம் இல்லை. ஆனால் அந்த நடைபாதையில் சாய்த்திருந்த கதவுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அவர் சொன்னது என் மனதில் ஆணி அடித்து உட்கார்ந்துவிட்டது.

இதற்கு நடுவில் முன்சக்கரம் ஒருநாள் மக்கர் செய்தது. ஹெரால்டின் முன்சக்கரத்துக்கு அடியில் ட்ரன்னியன் என்று ஒரு சின்ன உருப்படி உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் சக்கரத்தைத் தாங்கும் தண்டு இதன் மரைக்குள்தான் திருகும். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர். இதற்கு கிரீஸ் ஆகாது, கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும் என்பது கம்பெனிக் கைப்புத்தகத்திலேயே இருக்கும் விதி. விடாமல் காய்ந்துபோனால் தண்டு ஒருநாள் முறிந்து, சக்கரம் மடங்கி, வண்டி யானை மாதிரி முன்காலை மடித்து உட்கார்ந்துவிடும். மேஸ்திரியிடம் சொன்னேன்.

“ஆயிலா? நான் தொழிலுக்கு வந்த நாள்லேர்ந்து கிரீஸ்தான் சார் அடிக்கறேன்.”

“அப்ப சக்கரம் மடங்கினதே இல்லையா?”

“மடங்கும். அது ஹெரால்டு பழக்கம் சார்.”

புது ட்ரன்னியனுக்காக நான் புதுப்பேட்டைக்குப் போகவே இல்லை. இங்கிலாந்துக்கு எழுதினேன். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காருக்கும் முன்பக்கம் இதே அமைப்புதான். அங்கே சங்கம் வைத்து இந்தக் கார்களைக் கொண்டாடுகிறவர்கள் ஏராளம் என்பதால், ஹெரால்டு உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு ஆனபிறகும் பாகங்களைப் புதிதாகவே செய்து விற்கிறார்கள். பணம் கட்டினேன், பார்சல் வந்தது. நடுவில் சுங்கத் தீர்வைக்காக ஒருவர் போன் பண்ணி, “ட்ரன்னியன்னா என்ன சார், மருந்தா?” என்று கேட்டதைத் தவிர ஒரு சிரமமும் இல்லை.

எரிச்சலே இதில்தான். இந்தக் காரில் வெள்ளைக்காரன் எதையெல்லாம் செய்தானோ அதெல்லாம் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி தபாலில் வந்து சேருகிறது. நாம் செய்தது இரண்டே கதவு. அது செய்த ஊரில் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் அந்தத் தொழிற்சாலை இருந்த பக்கம் போனால் இப்போது ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. ஹெரால்டுக்குப் பின் கஸல் வந்தது, 1977 வாக்கில் அதுவும் போயிற்று. 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ஒரு பெரிய காரை இறக்கினார்கள். மேலே ரோவர் காரின் உடம்பு, உள்ளே பழைய வேன்கார்டு வழி வந்த எஞ்சின். பட்டு வேட்டிக்குள் கோவணம் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். சில வருஷங்களில் அதுவும் முடிந்தது. 2006 வாக்கில் கம்பெனியின் இடம் ஏலத்துக்குப் போன சமயத்தில், மிச்சமிருந்த ரோவர் உடம்புப் பாகங்களை மொத்தமாக வாங்கிக் கப்பல் ஏற்றியது யார் தெரியுமா? இங்கிலாந்தின் உதிரிபாகக் கடை ஒன்று. நம் ஆள் அதைப் பார்த்து, “இரும்பு என்ன விலை போச்சாம்?” என்று கேட்டிருப்பார்.

மத்திய அரசு 2021இல் பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டிய சொந்த வண்டி என்றால் புதிதாகப் பதியும்போது நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து கிடைக்கும், 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷத்துக்குச் செல்லும். படித்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றேன். சேஸிஸ், கூடு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் ஏதும் செய்யாமல் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டுமாம். என் வண்டியின் டிக்கி மூடி ஒரு டாக்சியிலிருந்து வந்தது. முன்சீட்டு மதுரைக்காரர் ஒருவருடையது. டைனமோ எங்கிருந்து வந்தது என்பது மேஸ்திரிக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும். எல்லாமே ஒரிஜினல்தான், ஒரே வண்டியின் ஒரிஜினல் இல்லை, அவ்வளவே. அந்த விண்ணப்பத்தை மடித்து இப்போதைக்கு டேஷ்போர்டு டப்பாவில் வைத்திருக்கிறேன். டப்பா மூடி கோயம்புத்தூரிலிருந்து வந்தது.

செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில் ஹெரால்டு கதவைப் பார்த்ததாக மேஸ்திரியின் மச்சினன் சொன்னான். கார் இல்லையாம், கதவு மட்டும்தானாம். போய்ப் பார்த்தால், மண் சுவர் வைத்த பெரிய கோழிக் கொட்டகை. அதற்கு வாசல் கதவாக, கீல் வைத்து, நிமிர்ந்து நிற்கிறது நான்கு கதவு ஹெரால்டின் பின்கதவு. அந்த ஊரில் முன்பு இருந்த டாக்டரின் வண்டியாம். வண்டியை உடைத்து விற்றபோது இது மட்டும் தங்கிவிட்டது.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். துரு பெரிதாக இல்லை. கண்ணாடி முழுசாக இருந்தது. நான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொட்டகைக்குச் சொந்தக்கார ஆயா உள்ளேயிருந்து வந்து, கைப்பிடியைச் சுழற்றி, கண்ணாடியைக் கரகரவென்று முழுக்க இறக்கி, ஜன்னல் வழியாகத் தீவனத்தை வீசிவிட்டு, மறுபடி சுழற்றி ஏற்றினார். என் காரில் இருக்கும் மூன்று கண்ணாடியில் ஒன்றுகூட இதுவரை அப்படி இறங்கி ஏறியதில்லை.

மேஸ்திரி என்னை எட்டப் போகச் சொல்லி ஜாடை காட்டினார். போனேன். அவர் கோழி விலை கேட்டார். முட்டை விலை கேட்டார். சாவதானமாகக் கதவைக் காலால் தட்டி, “இது இன்னா ஆயா, எடைக்குப் போடறதா?” என்றார்.

“காலால தட்டாத. அது டாக்டரு காரு கதவு.”

நாடகம் அதோடு முடிந்தது. நானே நேரில் வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று.

“ஏந்தம்பி, இத்த நீ கழட்டிக்கினு போயிட்டா ராத்திரிக்குக் கீரிப்புள்ள வந்து கோழியத் தூக்கிக்கினு போவும். நீ வந்து காவல் குந்துவியா?”

“புதுக் கதவு போட்டுத் தரேன் ஆயா. இரும்புக் கதவு.”

“கண்ணாடி வெப்பியா?”

வைப்பதாக ஒப்புக்கொண்டேன்.

“ஏத்தி எறக்கணும்.”

செய்யாறில் ஒரு வெல்டிங் கடைக்காரர் இதைக் கேட்டுச் சிரிக்காமல் அளவு குறித்துக்கொண்டதற்காக அவரை நான் என்றும் மறக்க மாட்டேன். சுழற்றுகிற கைப்பிடிக்கு வழியில்லை, நகர்த்துகிற கண்ணாடி வைக்கலாம் என்றார். ஆயா இரண்டு முறை தள்ளிப் பார்த்து, அரை மனதாகத் தலையாட்டினார். கோழிகளுக்கு வைத்த அந்தக் கதவின் செலவு, மாமா அந்தக் காலத்தில் வண்டிக்குக் கொடுத்த முன்பணத்தைவிட அதிகம் என்று பிறகு கணக்குப் பார்த்துச் சொன்னவள் என் மனைவி.

கதவைக் கழற்றி டெம்போவில் ஏற்றும்போது மேஸ்திரி என் காதருகில் வந்தார்.

“சார், ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. இது க்ளீனர் சைடு.”

“தெரியும் மேஸ்திரி.”

“எப்பத் தெரியும்?”

“கொட்டகையப் பார்த்த உடனே.”

மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில் முதன்முறையாக ஒரு மரியாதை தெரிந்தது. ஹெரால்டுக்காரர்களுக்குள் பணம் அவ்வளவாகச் செல்லாது. பண்டமாற்றுதான். டெயில் லேம்ப் வைத்திருப்பவருக்கு ஹார்ன் வளையம் வேண்டும், ஹார்ன் வளையம் வைத்திருப்பவர் ஒரு ரேடியேட்டருக்காகப் பழநிக்கு வேண்டிக்கொண்டிருப்பார். கையில் ஒரு நல்ல கதவு இருந்தால்தான் எதிராளி தன் பரணைத் திறப்பார். எங்கேயோ ஒருவர் வலது கதவை வைத்துக்கொண்டு இடது கதவுக்காக ஏங்கிக்கொண்டுதானே இருப்பார்? பாய் சொன்ன கணக்குப்படி அப்படி ஒருவர் இருக்க வாய்ப்பே இல்லை என்பது எனக்கு டெம்போ வந்தவாசியைத் தாண்டியபிறகுதான் உறைத்தது.

சந்தையில் செய்தி எப்படிப் பரவும் என்பதை நான் குறைவாக எடைபோட்டிருந்தேன். சென்னையில் ஓர் ஆள் ஹெரால்டு க்ளீனர் சைடு கதவைக் கேட்ட விலைக்கு வாங்குகிறான், கூடவே கோழிக் கொட்டகையும் கட்டித் தருகிறான் என்று மேல்மருவத்தூர் தொடங்கிப் பொள்ளாச்சி வரைக்கும் பேச்சாகிவிட்டது. ஆம்பூரிலிருந்து ஒரு க்ளீனர் சைடு கதவு வந்தது. போட்டோவில் கண்ணாடியில் பார்த்தமாதிரி இடவலம் மாற்றிக் காட்டி ஏமாற்றி, விழுப்புரத்திலிருந்து ஒன்று வந்தது, அதுவும் க்ளீனர் சைடு. அவற்றை மாடிப்படி ஓரமாக அடுக்கி வைத்திருக்கிறேன். துணி காயப்போட வசதியாக இருக்கிறது என்று மனைவி சொல்ல ஆரம்பித்திருப்பது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியவில்லை.

நேற்று ராத்திரி பாலக்காட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

“சாரே, ஹெரால்டு டோர் எடுக்கறீங்கன்னு கேட்டேன். என்கிட்ட ஒண்ணு உண்டு. ரியர் டோர்.”

“எந்த சைடு?”

“லெஃப்ட்.”

“டிரைவர் சைடு கிடையாதா?”

“உண்டாயிருந்தது சாரே. போன ஆழ்ச்சதான் போச்சு.”

முகம் மலர்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, கார்புரேட்டர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.